முன் பாரில் ஒரு இடம்

விருத்தாசலத்தில் காலை எட்டரை மணிக்குக் கடைவீதிப் பக்கம் நின்றால் இன்னும் சில பழைய சைக்கிள்கள் கண்ணில் படும். முன் பாரில் துண்டைச் சுருட்டிச் சுற்றி, அதன்மேல் ஒரு பிள்ளை. ஹேண்டில் பாரில் ஒரு பக்கம் புத்தகப் பை, மறுபக்கம் சாப்பாட்டுக் கூடை. பின் கேரியரில் கால்களை அகட்டி வைத்துக்கொண்டு மூத்த பிள்ளை. சைக்கிளையே இதற்காகத்தான் செய்தார்களோ என்று எண்ணும் அளவுக்கு நமக்குப் பழகிப்போன காட்சி. ஆனால் அந்தப் பாரும் சரி, கேரியரும் சரி, பிள்ளைக்காக வைக்கப்பட்டவை அல்ல. பிள்ளை அங்கே ஏறி உட்கார்ந்ததற்குப் பின்னால் ஓர் எரிமலை, ஒரு கால்நடை மருத்துவர், பினாங்குக்குப் போன கப்பல்கள், நாட்டுப் பிரிவினை, ஒரு பெண் கலெக்டர் என்று பலர் இருக்கிறார்கள்.

எரிமலை இந்தோனேஷியாவில் வெடித்தது. 1815 ஏப்ரலில் தம்போரா மலை கக்கிய சாம்பல் உலகையே சுற்றியது. அடுத்த ஆண்டு ஐரோப்பாவில் கோடை வரவில்லை, பயிர் விளையவில்லை. ஓட்ஸ் விலை ஏறியதால் குதிரைக்குத் தீனி போட முடியவில்லை. 1817 ஜூனில் ஜெர்மனியின் மான்ஹைம் நகரத்தில் கார்ல் டிரைஸ் என்ற வனத்துறை அதிகாரி இரண்டு சக்கரம் வைத்த மரக்கட்டை ஒன்றின்மேல் உட்கார்ந்து, காலால் தரையை உந்திக்கொண்டு ஓடிக் காட்டினார். தீனி கேட்காத குதிரையைத் தேடித்தான் அவர் இதைச் செய்தார் என்று சில வரலாற்றாசிரியர்கள் முடிச்சுப் போடுகிறார்கள். முடிச்சு கொஞ்சம் தளர்வானதுதான், ஆனாலும் விட மனமில்லை.

அந்த வண்டியில் பெடல் கிடையாது. அது 1860களில் பாரிஸில் வந்தது. அங்கிருந்து இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரத்துக்கு ஒரு வண்டி போய்ச் சேர்ந்தபோது, அங்கே ஒரு தையல் மெஷின் கம்பெனி வியாபாரம் மந்தமாகித் தவித்துக்கொண்டிருந்தது. பிரான்ஸுக்கு ஏற்றுமதி செய்யலாம் என்று அது சைக்கிள் செய்யத் தொடங்கியது. 1870இல் பிரான்ஸுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டதால் பாரிஸ் சந்தை அடைபட்டது. செய்த வண்டிகளை உள்ளூரிலேயே விற்க வேண்டியதாயிற்று. கோவென்ட்ரி சைக்கிள் ஊரானது இப்படித்தான். தையல் மெஷின் கம்பெனியில் வேலை பார்த்த ஜேம்ஸ் ஸ்டார்லியின் சகோதரர் மகன் ஜான் கெம்ப் ஸ்டார்லி 1885இல் ‘ரோவர்’ என்ற வண்டியைக் கொண்டுவந்தார். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவுச் சக்கரம், பின்சக்கரத்துக்குச் செயின். இன்றைய சைக்கிளின் கொள்ளுத்தாத்தா அதுதான்.

முன் பார் 1890 வாக்கில் நிலைபெற்றது. கம்பிகளை முக்கோணமாகச் சேர்த்தால் குறைந்த எடையில் அதிக உறுதி கிடைக்கும் என்ற பொறியியல் கணக்குதான் காரணம். பாவாடை கட்டிய பெண்கள் ஏற வசதியாக அந்தப் பாரை எடுத்துவிட்டு, கம்பியைத் தாழ்வாக வளைத்து ‘லேடீஸ்’ சைக்கிள் செய்தார்கள். பாவாடை பின்சக்கரத்தில் சிக்காமல் இருக்க மட்கார்டிலிருந்து அச்சு வரைக்கும் நூல் வலையும் கட்டினார்கள். பாவாடைக்காகப் பிறந்த இந்த வலை ஹாலந்தில் கோட்டுக்கான மறைப்பாக மாறி, பின்னால் உட்கார்ந்த பிள்ளையின் பாதத்தையும் காத்தது. நம்மூரிலோ மோட்டார் சைக்கிளுக்குச் சேலை கார்டு வந்து சட்டத்திலும் ஏறியது, சைக்கிளுக்கு வரவில்லை. போக்ஸ் கம்பிக்குள் குதிகால் சிக்கி அழுத பிள்ளைகளின் தழும்பு இன்றைக்கு ஐம்பது வயதைத் தாண்டிய எத்தனையோ கால்களில் இருக்கிறது. எலும்பு மருத்துவர்கள் இந்தக் காயத்துக்குத் தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள்.

சைக்கிளின் வரலாற்றில் பிள்ளை தலைகாட்டும் முதல் பெரிய தருணம் 1887இல் பெல்ஃபாஸ்ட் நகரத்தில் வருகிறது. ஜான் பாய்ட் டன்லப் அங்கே கால்நடை மருத்துவர். அவருடைய சின்ன மகனிடம் மூன்று சக்கர சைக்கிள் ஒன்று இருந்தது. கல் பாவிய தெருவில், கெட்டி ரப்பர் ஒட்டிய சக்கரத்தில் போனால் உடம்பெல்லாம் உதறும். மெல்லிய ரப்பரைக் குழாயாக ஒட்டி, காற்றடைத்து, துணியால் சுற்றி, மகன் வண்டியில் பொருத்திப் பார்த்தார் டன்லப். 1888இல் காப்புரிமை வாங்கினார். அடுத்த ஆண்டு பந்தயங்களில் காற்று டயர் மாட்டிய வண்டிகள் மற்றவற்றை ஓரங்கட்டின. பிறகுதான் குட்டு உடைந்தது: ராபர்ட் வில்லியம் தாம்ஸன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1845இலேயே குதிரை வண்டிக்கென்று இதே யோசனைக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார்! டன்லப்பின் காப்புரிமை செல்லாமல் போனாலும் பெயர் நிலைத்துவிட்டது. டன்லப் தாம்ஸனைக் காப்பியடித்தார் என்று சொல்ல முடியாது. மகனுக்கு உடம்பு வலிக்கிறதே என்று யோசித்தவர், நாற்பது ஆண்டுக்கு முந்தைய காப்புரிமைக் காகிதத்தைத் தேடிப் படித்துக்கொண்டிருக்க மாட்டார்.

அந்தப் பையனின் சௌகரியம் உலகத்தைப் புரட்டிப் போட்டது. காற்று டயர் வந்ததும் சைக்கிள் மோகம், அதைத் தொடர்ந்து மோட்டார் கார், எல்லாவற்றுக்கும் ரப்பர். காங்கோவில் பெல்ஜியத்தின் லியோபோல்டு மன்னரின் ஆட்கள் ரப்பருக்காக ஆப்பிரிக்கர்களை வதைத்த கொடுமை இந்தப் பசியின் ஒரு முகம். இன்னொரு முகம் நமக்கு நெருக்கமானது. 1876இல் ஹென்றி விக்ஹாம் பிரேசிலிலிருந்து கொண்டுபோன ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளில் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்தவை சில ஆயிரம்தான். அவற்றில் பெரும்பகுதி கப்பலில் இலங்கைக்கு வந்தது. அங்கிருந்தும் கியூவிலிருந்தும் கன்றுகள் மலாயா போயின. தோட்டங்கள் பெருகியபோது பால் எடுக்க ஆள் வேண்டியிருந்தது. ஆள் திரட்டும் கங்காணிகள் திருச்சி, சேலம், தஞ்சாவூர், தென்னார்க்காடு என்று ஊர் ஊராக வந்தார்கள். விருத்தாசலம் அன்றைக்குத் தென்னார்க்காட்டில்தான் இருந்தது. நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினால் பினாங்கில் இறங்கலாம். குடும்பங்களாகப் போனவர்களின் பிள்ளைகளுக்குத் தோட்ட முதலாளிகள் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்று மலாயாவின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. மலேசியாவில் இன்றும் நடக்கும் தமிழ்ப் பள்ளிகளில் பலவற்றின் வேர் அங்கே இருக்கிறது. பெல்ஃபாஸ்டில் ஒரு பையன் உடம்பு நோகாமல் வண்டி ஓட்ட, மலாயாவின் பேராக் காட்டில் ஒரு தமிழ்ப் பிள்ளைக்கு அத்தாப்புக் கூரையின் கீழ் அரிச்சுவடி. இரண்டுக்கும் நடுவே எவ்வளவு வியர்வை, எவ்வளவு மலேரியா என்பது தனிக் கதை.

இந்தியாவுக்குள் சைக்கிள் முதலில் துரைகளோடும் மிஷனரிகளோடும் வந்தது. பிறகு தபால்காரர், போலீஸ், பள்ளி ஆய்வாளர், வக்கீல் குமாஸ்தா என்று படிப்படியாக இறங்கியது. எல்லாம் இங்கிலாந்துச் சரக்கு. நாட்டிங்ஹாமிலிருந்து ராலி, துப்பாக்கி செய்துகொண்டிருந்த பர்மிங்ஹாம் கம்பெனியிலிருந்து பி.எஸ்.ஏ.; அதே பர்மிங்ஹாமில் 1910இல் கிரேன் சகோதரர்கள் தொடங்கிய ஹெர்குலிஸ். கல்யாணத்துக்கு மாப்பிள்ளை ‘ராலி சைக்கிள்’ கேட்ட காலம் ஒன்று இருந்தது. அந்த மாடல்தான் அப்படியே நம்மிடம் தங்கிவிட்டது: பெரிய சக்கரம், கம்பியால் இழுக்கும் பிரேக், கனத்த பார், நீண்ட கேரியர். இங்கிலாந்து அதைக் கைவிட்டுப் பல ஆண்டு ஆன பிறகும் நாம் விடவில்லை.

விடாததற்குச் சுதந்திர இந்தியாவின் தொழிற்கொள்கையும் ஒரு காரணம். 1949இல் முருகப்பா குடும்பத்தார் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் கம்பெனியோடு சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸை ஆரம்பித்தார்கள். அம்பத்தூரில் ஹெர்குலிஸ் உருவாகத் தொடங்கியது. சில ஆண்டுகளில், 1959இல், டன்லப்பும் அதே அம்பத்தூரில் ஆலை வைத்தது. பெல்ஃபாஸ்ட் மருத்துவரின் பெயரும் பர்மிங்ஹாம் சகோதரர்களின் பெயரும் சென்னைக்கு மேற்கே ஏரிக்கரை ஊர் ஒன்றில் அக்கம்பக்கமாகக் குடியேறின. வடக்கே கதை வேறு மாதிரி. இன்றைய பாகிஸ்தானில் இருக்கும் கமாலியாவிலிருந்து வந்த முஞ்சால் சகோதரர்கள் லூதியானாவில் உதிரிபாக வியாபாரம் செய்தார்கள். பிரிவினையின்போது பாகிஸ்தான் கிளம்பிய கரீம் தீன் என்ற சைக்கிள் பொருள் வியாபாரி, தன் ‘ஹீரோ’ என்ற பெயரை அவர்களுக்கு விட்டுப் போனார் என்று சொல்வார்கள். 1956இல் முழு சைக்கிள் செய்ய ஆரம்பித்தவர்கள், முப்பதே ஆண்டில் உலகிலேயே அதிகச் சைக்கிள் செய்யும் கம்பெனி என்று கின்னஸ் புத்தகத்தில் ஏறினார்கள். லூதியானாவின் சந்துகளில் இங்கிலாந்து உதிரிபாகத்தைப் பார்த்துப் பார்த்து அதே மாதிரி செய்த சின்னப் பட்டறைகள் இல்லாமல் இது நடந்திருக்காது. காப்பியடிப்பதை நாம் கேவலமாகப் பேசுகிறோம். பாட்டாளி வீட்டுக்குச் சைக்கிள் வந்தது அதனால்தான்.

விருத்தாசலத்தில் காப்பியடிப்பதே தொழில். தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், பீங்கான் வேலை அப்படிப்பட்டது. வெள்ளைக் களிமண்ணை அரைத்துக் குழம்பாக்கி, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றினால் அச்சு தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். ஓரத்தில் தோல் போலக் கெட்டியானதும் மீதிக் குழம்பைக் கவிழ்த்துவிட்டு, அச்சைப் பிரித்தால் உள்ளே பொம்மை. உலர்த்தி, வர்ணம் பூசி, சூளையில் வேகவைத்தால் பிள்ளையாரோ மயிலோ தயார். ஒரே அச்சில் ஒரே பிள்ளையார் திரும்பத் திரும்பப் பிறப்பார். அகல் விளக்கு, ஃபியூஸ் கட்டை, இன்சுலேட்டர் எல்லாம் இந்த ஊர்ச் சரக்கு. அரசு செராமிக் கல்லூரியும் பீங்கான் தொழிற்பேட்டையும் இங்கே வந்ததற்கு அருகிலிருக்கும் நெய்வேலியே காரணம். அங்கேயும் ஒரு தற்செயல்தான். 1930களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் தண்ணீருக்காகத் தோண்டியபோது கறுப்பாக ஏதோ வந்தது. அது பழுப்பு நிலக்கரி. 1956இல் அதற்கென அரசு நிறுவனம் வந்து, நிலக்கரியை எட்ட மேல்மண்ணை வெட்டியபோது வெள்ளைக் களிமண்ணும் சேர்ந்து கிடைத்தது. ஒருவருக்குக் கழிவு, பக்கத்து ஊருக்குப் பொம்மை.

சைக்கிளுக்கும் பீங்கானுக்கும் நேரடிச் சொந்தமும் உண்டு. 1869இல் ஜூல் சூரிரே என்ற பிரெஞ்சுக்காரர் சைக்கிள் அச்சில் பால்ரஸ் வைக்கக் காப்புரிமை வாங்கினார். அந்த ஆண்டு நவம்பரில் பாரிஸிலிருந்து ரூவான் வரை நடந்த பந்தயத்தில் ஜெயித்த ஜேம்ஸ் மூர் ஓட்டியது அப்படிப்பட்ட வண்டிதான். இன்றைக்கு விலையுயர்ந்த பந்தய சைக்கிள்களில் இரும்புக் குண்டுக்குப் பதில் சிலிக்கான் நைட்ரைடு என்ற செராமிக் குண்டு உருள்கிறது. நம் ஊர்ப் பிள்ளையாருக்குத் தூரத்துப் பங்காளி.

இந்த ஊரில் பிள்ளையைச் சைக்கிளில் பள்ளிக்கு அழைத்துப்போகும் பழக்கம் எப்போது வேரூன்றியது? என் கணிப்பு, நாம் நினைப்பதைவிடச் சமீபத்தில். காமராஜர் காலத்து இலக்கு, ஒரு மைலுக்குள் தொடக்கப் பள்ளி, ஐந்து மைலுக்குள் உயர்நிலைப் பள்ளி. ஐந்து வயதுப் பிள்ளை தெருக்கோடியில் இருந்த பள்ளிக்கு அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தே போனது. சைக்கிள் வேண்டியிருந்தது பெரிய பையன்களுக்குத்தான். 1970களின் கடைசியிலிருந்து மெட்ரிகுலேஷன் பள்ளிகளும் நர்சரிப் பள்ளிகளும் நகரங்களில் பெருகியதும் கணக்குத் தலைகீழானது. எல்.கே.ஜி. படிக்கும் நண்டு சிண்டுக்கு இரண்டு மூன்று கிலோமீட்டர் தாண்டிப் பள்ளி, அதுவும் டை கட்டி, ஷூ கசங்காமல் போக வேண்டும். சூளைக்குப் போகிற வழியில் அப்பா பிள்ளையைப் பாரில் தூக்கி வைத்தார். சைக்கிள் கடைக்காரர்கள் பாரில் நட்டு போட்டு முடுக்கும் குட்டி சீட்டைச் செய்து தொங்கவிட்டார்கள். ரெக்ஸின் உறை, உள்ளே கொஞ்சம் பஞ்சு, கால் வைக்க இரண்டு கம்பி. யார் கண்டுபிடித்தது என்று கேட்டால் ஒவ்வொரு ஊர்ப் பட்டறையும் தன்னைச் சொல்லிக்கொள்ளும்.

சட்டப்படி அன்றைக்கு டபுள்ஸ் குற்றம். இரவில் விளக்கில்லாமல் போனாலும் குற்றம், நகராட்சி வில்லை இல்லாவிட்டாலும் குற்றம். போலீஸ்காரர் கை காட்டுவதற்குள் பின்னால் இருப்பவர் குதித்து, ஒன்றும் தெரியாதவர் போல நடப்பது ஒரு கலை. முன் பாரில் சீருடையோடு பிள்ளை இருந்தால் மட்டும் பெரும்பாலான போலீஸ்காரர்களுக்குத் திடீரென்று வேறு பக்கம் வேலை வந்துவிடும்.

அதே எழுபதுகளில் ஹாலந்து வேறொரு பாடம் படித்தது. இன்று சைக்கிள் சொர்க்கமாகத் தெரியும் அந்த நாடு, போருக்குப் பிறகு காருக்கு மாறி, சைக்கிளை ஏறக்குறைய மறந்தே போனது. 1971இல் மட்டும் சாலை விபத்துகளில் சுமார் 3,300 பேர் இறந்தார்கள். அவர்களில் 400க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். பள்ளிக்குச் சைக்கிளில் போன தன் மகளைப் பறிகொடுத்த விக் லாங்கன்ஹாஃப் என்ற பத்திரிகையாளர், 1972இல் ‘குழந்தைக் கொலையை நிறுத்து’ என்ற தலைப்பில் எழுதினார். தலைப்பு இயக்கமாக மாறியது. பெற்றோர் தெருவை மறித்தார்கள், பிள்ளைகள் சாலையில் உட்கார்ந்தார்கள். அடுத்த ஆண்டே எண்ணெய் நெருக்கடி வந்து அரசாங்கத்தின் காதையும் திறந்தது. இன்று உலகமே பார்த்து எழுதும் ஹாலந்தின் சைக்கிள் பாதைகளுக்கு இந்தப் போராட்டமும் ஒரு காரணம்.

தமிழ்நாட்டில் சைக்கிளின் அடுத்த திருப்பம் புதுக்கோட்டையில். 1991இல் தொடங்கிய அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தில் கலெக்டர் ஷீலா ராணி சுங்கத், எழுத்தோடு சைக்கிளையும் பாடமாக்கினார். கல்லுடைக்கும் பெண்களும் விவசாயக் கூலிகளும் அங்கன்வாடி ஊழியர்களும் மாலை நேரத்தில் சைக்கிள் பழகினார்கள். ஒரு லட்சம் பேருக்கு மேல் கற்றுக்கொண்டதாக அங்கே போய் எழுதிய பத்திரிகையாளர் பி. சாய்நாத் குறிப்பிடுகிறார். சைக்கிள் வாங்க வங்கிக் கடனும் கிடைத்தது. லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது பெண்கள் தயங்காமல் ஜென்ட்ஸ் சைக்கிள் வாங்கினார்கள். சிலர் அதையே விரும்பிக் கேட்டார்கள், பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாமே! பாவாடைக்காக 1890களில் எடுத்த பாரைப் புதுக்கோட்டைப் பெண்கள் பிள்ளைக்காகத் திரும்பக் கேட்டார்கள். இந்த நூற்றாண்டு விளையாட்டைக் கோவென்ட்ரிக்காரர்கள் பார்த்திருந்தால் ரசித்திருப்பார்கள்.

அதே ஆண்டுகளில் பாக் நீரிணைக்கு அந்தப்பக்கம் யாழ்ப்பாணத்தில், போர்க்காலப் பொருளாதாரத் தடையால் பெட்ரோல் கிடைக்கவில்லை. ஆசிரியரும் மருத்துவரும் மணமகனும் சைக்கிளில்தான் போனார்கள். மின்சாரமும் இல்லாததால் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைச் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் ரேடியோ கேட்டார்கள். காலையில் பிள்ளையைப் பள்ளிக்குக் கொண்டுபோன துவிச்சக்கர வண்டி இரவில் செய்தி சொன்னது.

தமிழ்நாட்டில் சைக்கிளின் முன் பாருக்குப் போட்டி 1980இலேயே ஓசூரிலிருந்து புறப்பட்டுவிட்டது. டி.வி.எஸ். 50 இரண்டு பேர் போகலாம் என்று வந்த மொபெட். ஹேண்டிலுக்கும் சீட்டுக்கும் நடுவே அரிசி மூட்டை வைக்கும் இடத்தில் பிள்ளை நின்றது. அப்பா இனி மிதிக்க வேண்டாம், பிள்ளையும் பாரில் நொந்துகொண்டு உட்கார வேண்டாம். பிறகு ஆட்டோ, வேன், ஸ்கூட்டர். 2023 பிப்ரவரியிலிருந்து இரு சக்கர மோட்டார் வண்டியில் நாலு வயதுக்குட்பட்ட பிள்ளையை ஏற்றினால் பட்டைக்கச்சு கட்ட வேண்டும், ஹெல்மெட் போட வேண்டும், மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்று மத்திய அரசு விதி வந்திருக்கிறது. விருத்தாசலத்தில் பட்டைக்கச்சு கட்டிய பிள்ளையை நான் இன்னும் பார்க்கவில்லை.

ஜப்பானில் விதி வந்த விதம் சுவாரசியமானது. அங்கே தாய்மார்கள் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு பிள்ளைகளைச் சைக்கிளில் வைத்துப் போவது வழக்கம். 2008இல் போலீஸ் இதைக் கண்டிப்பாகத் தடுக்கப் பார்த்தது. தாய்மார்கள் கொதித்தார்கள், இரண்டு பிள்ளைகளை எப்படித்தான் மழலையர் பள்ளியில் விடுவது? 2009 ஜூலையில் அரசு பின்வாங்கி, பாதுகாப்புத் தரத்துக்கு ஏற்பச் செய்த சைக்கிளானால் இரண்டு பிள்ளைகளை ஏற்றலாம் என்றது. கம்பெனிகள் உடனே வரைபடத்தை விரித்தன. தாழ்ந்த பார், சின்னச் சக்கரம், அகலமான ஸ்டாண்டு, பேட்டரி உதவி. பிள்ளையின் எடையைக் கணக்கில் வைத்து வண்டியை வரைந்தார்கள்.

நம் பக்கம் அரசாங்கம் சைக்கிளையே கையில் கொடுத்தது. 2001-02இல் தமிழ்நாட்டில் ஆதிதிராவிட, பழங்குடி மேல்நிலைப் பள்ளி மாணவிகளுக்கு இலவச சைக்கிள் தொடங்கி, பிறகு அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் மற்ற பிளஸ் ஒன் மாணவர்களுக்கும் விரிந்தது. காமராஜரின் ஐந்து மைலுக்கு அரை நூற்றாண்டு கழித்து வாகனம் வந்தது. 2006இல் பீகார் மாணவிகளுக்குச் சைக்கிள் கொடுத்தபோது கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் அளந்து பார்த்தார்கள்: உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்கள் 32 சதவீதம் கூடினார்கள். அவர்களில் பிரகாஷ் அடுத்து வேறு சில ஆய்வாளர்களோடு, மாணவிகளுக்குக் கொடுத்த சைக்கிளின் பலனை அளக்க ஆப்பிரிக்காவின் ஜாம்பியாவுக்குப் போனார்.

ஜாம்பியாவில் அந்தச் சைக்கிளைக் கொடுத்தது ‘வேர்ல்ட் பைசைக்கிள் ரிலீஃப்’ என்ற அமைப்பு. அது பிறந்த இடம் கடலூர்க்காரர்களுக்குப் பரிச்சயமான ஒரு பேரிடர். 2004 டிசம்பர் சுனாமிக்குப் பிறகு அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு சைக்கிள் உதிரிபாகத் தொழிலதிபரும் அவர் மனைவியும் இலங்கையில் 24,000க்கும் மேற்பட்ட சைக்கிள்களை வழங்கினார்கள். அங்கிருந்து ஜாம்பியா. ஆப்பிரிக்கச் சாலைக்குக் கடையில் கிடைத்த வண்டிகள் தாக்குப்பிடிக்கவில்லை என்று பார்த்து, ‘பஃபலோ’ என்று பெயரிட்டுத் தாங்களே ஒன்றை வடிவமைத்தார்கள். பார்த்தால் நம் பழைய ஹெர்குலிஸின் தடித்த தம்பி. அதன் கேரியர் மட்டும் 100 கிலோ தாங்கும். நம்மூர்க் கணக்கில் தம்பி, தங்கை, அவர்கள் புத்தகப் பை எல்லாம் ஏறியும் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் இடம் இருக்கும், போலீஸ்காரர் வேறு பக்கம் பார்க்கும் வரையில்.